வெள்ளிமீன் கலர் போர்டு

ஆம்பூர்,
14.1.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் முனவ்வரும் சுகம். முனவ்வருக்கு பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தலைசுற்றல் குறைந்திருக்கிறது. கான்பூர் குளிர் உங்கள் முழங்காலை என்ன பாடு படுத்துகிறது? தானிஷும் மருமகள் இஃப்ராவும் நலம்தானே?

போனில் மெசேஜ் போடுங்கள் மாமு என்று தானிஷ் சொல்லிக்கொண்டே இருக்கிறான். உங்களுக்குக் காது கேட்காமல் போனதிலிருந்து பத்து வருடமாக நாம் பேசுவதெல்லாம் காகிதத்தில்தான். எனக்கு இதுவே பழகிவிட்டது. தவிர, போர்டு விஷயமெல்லாம் உங்களைத் தவிர வேறு யார் பொறுமையாகப் படிப்பார்கள்?

குடியாத்தத்தில் ஒரு சலூன்காரர் கடையை இடித்துக் கட்டப்போகிறார் என்று பாண்டியன் துப்பு கொண்டுவந்தான். எங்கள் தோல் கம்பெனியில் ஃபிட்டர், ஞாயிற்றுக்கிழமையானால் என் வண்டியில் பின்னால் ஏறிக்கொள்வானே, அவன்தான். போய்ப் பார்த்தால், கண்ணாடிக்குப் பின்னால் சுவரோடு சுவராக, அந்தக் காலத்து கோல்ட் ஸ்பாட் கூல்டிரிங்க் விளம்பர எனாமல் போர்டு ஒன்று. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்கிறது. இப்போது போலி ஜாஸ்தி, ஆபா. மெல்லிய தகரத்தில் அச்சடித்து, புளித்தண்ணீர் ஊற்றி வெயிலில் போட்டுத் துருவேற்றி, அறுபது வருடப் பழசு என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். இது அசல். மாடி அறையில் இத்தோடு நாற்பத்தொரு போர்டு. பாட்டில் ஓப்பனர், கண்ணாடி டம்ளர், டிரே எல்லாம் தனி.

வெள்ளிமீன் மட்டும் கைக்கு வரவில்லை. நம் ஊரிலேயே போட்ட கலர் சோடா அது. அந்தக் கம்பெனியை மூடி ஐம்பது வருடம் இருக்கும். வட்டமான பெரிய போர்டு, நீலத்தில் வெள்ளி மீன், ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் உர்தூ. எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது எங்கள் முதலாளியின் பழைய பங்களா வராந்தாவில் தொங்குகிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். அவர் அப்பா மாட்டியதாம், கழற்ற மாட்டாராம்.

பாண்டியன் பக்கத்தில்தான் இருக்கிறான். இரண்டு வரி எழுதுகிறேன் என்று பேனாவைப் பிடுங்குகிறான்.

அக்காவுக்கு பாண்டியன் வணக்கம். பாய் ஒண்ண எழுதாம விட்டுட்டாரு. போர்டு கழட்டும்போது பாதி சுவரு இவரு தோள் மேல விழுந்துச்சு. தோள்ல அடிபட்டுச்சான்னு பாக்கல, போர்டுல சில்லு பேந்துச்சான்னுதான் பாத்தாரு. நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க. ஹேமாவும் பொண்ணும் சௌக்கியம்.

உங்கள் துஆவை நாடும் தம்பி,
வக்கார்

—

கான்பூர்,
3.2.2024

அன்புத் தம்பி வக்காருக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் கிருபையால் நாங்கள் நலம். முழங்கால் குளிரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, குளிர்தான் ஜெயிக்கிறது. தானிஷுக்கும் உன்னைப் போலவே அவன் தோல் கம்பெனியில் கழிவுநீர் பிளான்ட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்கிறாள் இஃப்ரா.

பாண்டியனிடம் சொல், அவன் சொன்னபடியே சொல்லி வைக்கிறேன். வக்கார், உனக்கு நாற்பத்தொன்பது வயது. சுவர் விழும்போது நகர வேண்டும்.

முதலாளி தராததும் நல்லதற்குத்தான். அது வந்துவிட்டால் நீ எதைத் தேடுவாய்? முனவ்வரைக் கேட்டதாகச் சொல். அந்தப் பெண் நாற்பத்தொரு போர்டோடு குடித்தனம் நடத்துகிறாள், அவளுக்கு பிரஷர் வராமல் யாருக்கு வரும்?

அடுத்த கடிதத்திலும் பாண்டியன் இரண்டு வரி எழுதட்டும். உன்னைவிட அவன் எழுத்துதான் படிக்கிறபடி இருக்கிறது.

அன்புடன்,
நசீமுன்னிசா

—

ஆம்பூர்,
12.3.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

ஸலாம். தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம். இங்கே எல்லாரும் நலம். இன்று முதல் நோன்பு. நீங்கள் மாத்திரையோடு எப்படி நோன்பு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஒரு சந்தோஷமான சமாசாரம். வெள்ளிமீன் போர்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலாளியே கம்பெனி வேனில் கோணிச் சாக்கு சுற்றி அனுப்பிவைத்தார். பன்னிரண்டு வருடம் பார்வையில் இருந்த பொருள், இப்போது மாடியில் ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். எட்டு கிலோ எடை இருக்கும். தமிழ்ப் பக்கம் மழைச் சாரல் பட்டுக் கொஞ்சம் மங்கியிருக்கிறது. உர்தூப் பக்கம் சுவரைப் பார்த்தே இருந்ததால் நேற்று வார்த்த மாதிரி பளபளக்கிறது. அடி விளிம்பில் கல்கத்தா என்று செய்தவர்கள் முத்திரை. ஆணி ஓட்டையைச் சுற்றி மட்டும் சில்லு பெயர்ந்திருக்கிறது.

இதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
வக்கார்

—

கான்பூர்,
25.3.2024

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். நோன்பு ஒன்றும் சிரமமாக இல்லை. டாக்டர் வேண்டாம் என்றார், நான் வைக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீ ஒரு ஓப்பனர் கிடைத்தாலே நாலு பக்கம் எழுதுகிறவன். யார் கடை, யார் சொன்னது, எப்படிக் கழற்றினோம், வழியில் எங்கே டீ குடித்தோம் என்று எல்லாம் இருக்கும். பன்னிரண்டு வருடம் காத்திருந்த போர்டு வந்திருக்கிறது, நீ முக்கால் பக்கத்தில் முடித்துவிட்டாய்.

அவர் அப்பா மாட்டியது, கழற்றுவதில்லை என்றாரே. இப்போது ஏன் கழற்றினார்? நீ நாலாவது தடவை கேட்டாயா? அல்லது கேட்காமலே அனுப்பினாரா?

பாண்டியன் என்ன சொன்னான் அதைப் பார்த்து? இரண்டு வரி எழுதச் சொன்னேனே. நீ அவனைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. இருவரும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறீர்களா? அப்படியானால் நீயே போய்ப் பேசு. நீதான் மூத்தவன்.

உன் கையெழுத்து சரிந்து கிடக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அன்புடன்,
நசீமுன்னிசா

—

ஆம்பூர்,
15.4.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

ஸலாம். ரம்ஜான் நல்லபடியாக முடிந்தது. உங்கள் எல்லாருக்கும் எங்கள் வாழ்த்து. முனவ்வர் இந்த வருடம் பிரியாணி போடவில்லை. சேமியா மட்டும் செய்தாள், அதையும் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

போர்டை முதலாளி கேட்காமலேதான் அனுப்பினார். இருபத்தாறு வருடம் அவரிடம் வேலை செய்கிறேன், அதற்கு மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாண்டியன் இப்போது வேலைக்கு வருவதில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை.

போர்டைச் சுத்தம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். எனாமலைத் தேய்க்கக் கூடாது. மெல்லிய துணியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டு ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் கையே வரவில்லை. முனவ்வர் மாடிப் பக்கம் ஏறுவதே இல்லை. துணி காயப்போடக்கூடக் கீழே கொடி கட்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போவதில்லை. வெயில் கடுமை.

தானிஷைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தம்பி,
வக்கார்

—

கான்பூர்,
4.5.2024

வக்கார்,

ஸலாம். இங்கே நலம்.

போன வாரம் ஆம்பூரில் உங்கள் தெருவில் இருக்கும் பில்கிஸ் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க தானிஷுக்கு போன் செய்தாள். அப்போது பேச்சோடு பேச்சாகச் சொன்னாளாம். தானிஷ் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி என்னிடம் நீட்டினான். ‘மாமுவின் தோஸ்த் பாண்டியன் பிப்ரவரி மாதமே கம்பெனித் தொட்டியில் விழுந்து இறந்துவிட்டாராம்.’

பாண்டியன் இப்போது வேலைக்கு வருவதில்லை என்று எனக்கு எழுதினாய். அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் எழுதியிருக்கிறாய்.

அவன் குடித்துவிட்டு யாருக்கும் தெரியாமல் இறங்கினான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பாண்டியன் குடிப்பவனா? நான் ஆம்பூர் வந்தபோதெல்லாம் எத்தனை தரம் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறான். நான் அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

கம்பெனியின் கழிவுநீர் பிளான்ட் உன் பொறுப்பு. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

நசீமுன்னிசா

—

கான்பூர்,
10.6.2024

வக்கார்,

ஸலாம். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போடாதே, நீ நாலு வரி போட்டிருந்தால் மின்சார பில் மாதிரி தவறாமல் வந்து சேர்ந்திருக்கும்.

தானிஷிடம் சொல்லி முனவ்வருக்கு போன் செய்யச் சொன்னேன். ‘அவரே எழுதட்டும்’ என்று சொல்லி வைத்துவிட்டாளாம்.

அடுத்த வாரம் பக்ரீத். நீ எழுதாமல் எனக்குப் பண்டிகை இல்லை.

ஆபா

—

ஆம்பூர்,
23.6.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

ஸலாம். எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

பிப்ரவரி இருபது, செவ்வாய்க்கிழமை. மறுநாள் வெளிநாட்டுப் பார்ட்டி கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது. கழிவுநீர்த் தொட்டியில் மோட்டார் நின்றுபோய், விளிம்புவரை ஏறி நாறிக்கொண்டிருந்தது. மேல் தண்ணீரை லாரி வைத்து எடுத்துவிட்டோம். அடியில் சேறு, அதில் மோட்டார், மோட்டாரில் தோல் முடியும் கொழுப்பும் சிக்கிக்கொண்டு அடைப்பு. மேனேஜர் தௌசீப் என் பக்கத்தில் வந்து நின்று, நாலு மணிக்குள் மோட்டார் ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

அடியில் விஷவாயு தங்கியிருக்கும் என்பதால், தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் ப்ளோயர் போட்டு ஒரு மணி நேரம் காற்று விடவேண்டும். அதுதான் விதி. அந்த விதியைச் சுவரில் எழுதி மாட்டியிருப்பதும் நான்தான். ப்ளோயர் ஒரு வாரமாக ரிப்பேரில் கிடந்தது. மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், பாண்டியனுக்கும் தெரியும்.

பாண்டியன் தொட்டியை எட்டிப் பார்த்தான்.

“ப்ளோயர் இல்லாம எப்படி பாய்?”

“பத்து நிமிஷ வேலைதான்டா. முடிய அறுத்துவிட்டுட்டு ஏறிடு.”

அவன் இன்னொரு தரம் குனிந்து உள்ளே பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றினான்.

“நீங்க மேல நிக்கறீங்கள்ல? நின்னா எறங்கறேன்.”

நிற்கிறேன் என்று சொன்னேன். இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். கயிற்று முனை என் கையில் இருந்தது. அப்போது போன் வந்தது. கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தள்ளிப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால் கயிறு தொய்ந்து கிடந்தது. நானும், தோல் ஊறவைக்கும் டிரம் பக்கமிருந்து ஓடிவந்த ஆட்கள் இரண்டு பேரும் இழுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். எனக்கென்னவோ இழுக்கும்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆபீசில் ஒரு வாக்குமூலம் டைப் அடித்து வைத்திருந்தார்கள். பாண்டியன் மது அருந்திய நிலையில் யாரிடமும் அனுமதி பெறாமல் தானாக இறங்கினார் என்று இருந்தது. டிரம் ஆட்கள் அவன் இறங்கியபோது அங்கே இல்லை. பார்த்தவன் நான் ஒருத்தன்தான்.

தௌசீப் சத்தம் போடவில்லை. “எறக்குனது நீங்க. உண்மைய எழுதினா மொதல்ல உள்ள போறது நீங்கதான். போனவன் திரும்பி வரப்போறானா?” என்று கேட்டார்.

கையெழுத்துப் போட்டேன் ஆபா. அதே கையெழுத்தைப் போலீசிலும் போட்டேன்.

பாண்டியன் மனைவி ஹேமலதா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, இன்னா ஆச்சு பாய், இன்னா ஆச்சு பாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் எனக்குத் தெரியாது என்றேன்.

பதினைந்து நாள் கழித்து போர்டு வந்தது. வேன் டிரைவர் இறக்கி வைத்துவிட்டுப் போனபிறகு நான் கோணியைப் பிரித்தேன். ஒரு நிமிடம், நிஜமாகவே ஒரு நிமிடம், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் இப்போதும் தூக்கம் வரவில்லை.

வக்கார்

—

கான்பூர்,
6.7.2024

வக்கார்,

ஸலாம். உடம்பு நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை தானிஷுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். பிறகு ஒரு தாளை இழுத்து எழுதினான். ‘அம்மி, எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான் இறக்குகிறோம்.’ நான் பெற்ற பிள்ளை, என் தம்பி, இரண்டு பேரும் தொட்டிக்கு மேலே நிற்கிறீர்கள். நான் உங்கள் இருவருக்கும் சோறு போட்டு வளர்த்தவள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று எந்த அக்காவும் கேட்க மாட்டாள். நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாமல், எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நான் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறேன். அவள் உனக்கு ஆறு மைலில் இருக்கிறாள். புருஷன் குடிகாரன் என்று ஊர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அவள் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மேனேஜர் உன் பக்கத்தில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனார் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் போன் செய்தது யார்? எல்லாவற்றுக்கும் பெயர் எழுதினாய், அதற்கு மட்டும் எழுதவில்லை.

ஆபா

—

ஆம்பூர்,
19.9.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

ஸலாம். முனவ்வர் நலம். நானும் நலமாகத் திரும்பி வந்துவிட்டேன். எங்கிருந்து என்பதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். போன் செய்தது யாரும் இல்லை. ஆற்காட்டு காயலாங்கடைக்காரர் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சுவரில் மாட்டுகிற பழைய பாட்டில் ஓப்பனர். வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. அசலா போலியா என்று பார்க்க, கயிற்றைக் கட்டிவிட்டு ஷெட் நிழலுக்குப் போனேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் அந்த ஐந்து நிமிடம். இதை நான் முனவ்வரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு அவளிடம் சொன்னேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியை மெஷினிலிருந்து எடுத்து மடித்து வைத்தாள். பிறகு எழுந்து என் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். நாளைக்கே போங்கள் என்றாள்.

வேலூரில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நீங்களும் குற்றவாளி ஆவீர்கள் என்று அவரும் சொன்னார். தெரியும் என்றேன். விஷயம் எப்படியோ கசிந்து தௌசீப் வீட்டுக்கே வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். இருபத்தாறு வருட சர்வீஸ், தொழில் நின்றால் நானூறு குடும்பம் என்று சொன்னார். ஜமாத்தில் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நான் பதில் சொல்லுமுன் முனவ்வர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“குடிங்க. அவரு காலையில போறாரு. பன்னெண்டு வருஷமா அந்த போர்டு வேணும்னு கேட்டவரு, இப்ப அதப் பாத்தா வாந்தி எடுக்கறாரு. நீங்க இனிமே அனுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் டீயைக் குடிக்காமல் போனார்.

காலையில் ஆட்டோவில் போர்டையும் ஏற்றிக்கொண்டு டி.எஸ்.பி. ஆபீசுக்குப் போனேன். எதற்காக, எந்த வேனில், எந்தத் தேதியில் வந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அங்கே எழுத்தர், ‘பழைய தகர போர்டு, ஒன்று’ என்று எழுதினார். தகரம் இல்லை சார், எனாமல் என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க முடியாது ஆபா. அவர் பேனாவை எடுத்துத் தகரத்தை அடித்து எனாமல் என்று திருத்தினார்.

பிறகு மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார்கள். ஓப்பனர் வரைக்கும் எல்லாம் சொன்னேன். முதலாளி முதல் எதிரி, தௌசீப் இரண்டு, நான் மூன்று. பதினேழு நாள் உள்ளே இருந்தேன். மற்ற இருவருக்கும் முன்ஜாமீன் கிடைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, அதில் சாராயம் இல்லை. கேஸ் நடக்கும், வருடக்கணக்காகும் என்கிறார்கள். வேலை போய்விட்டது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் மோட்டார் பழுது பார்க்கப் போகிறேன்.

மாடி அறையைப் பூட்டி, சாவியை முனவ்வரிடம் கொடுத்துவிட்டேன்.

வக்கார்

—

கான்பூர்,
6.10.2024

அன்புத் தம்பி வக்காருக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்த அன்று நன்றியாக இரண்டு ரகாஅத் நஃபில் தொழுதேன். ஜெயிலில் குளிர் இருந்ததா, சாப்பிட முடிந்ததா, ஒன்றும் எழுதவில்லையே.

தானிஷ் அவன் கம்பெனியில் ப்ளோயர் வாங்கித் தரும்வரை யாரையும் இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றி, அந்த இடத்தில் வேறு ஒருவனைப் போட்டுவிட்டார்கள். இவன் போய் அந்த ஆளிடமும் சொல்லிவிட்டு வந்தான். அவன் கேட்பானா என்று தெரியாது.

போலீசுக்குச் சொன்னாய், மாஜிஸ்திரேட்டுக்குச் சொன்னாய், எனக்குச் சொன்னாய். ஹேமலதாவைப் பார்த்ததாக எழுதவில்லை.

அன்புடன்,
ஆபா

—

ஆம்பூர்,
24.11.2024

அன்புள்ள ஆபாவுக்கு,

ஸலாம். முனவ்வருக்கு பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. உங்களுக்கு அங்கே மறுபடியும் குளிர் ஆரம்பித்திருக்கும், முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மின்னூருக்குப் போனேன். கேஸ் நடக்கும்போது அவர்கள் வீட்டுக்குப் போகக்கூடாது என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன்.

ஹேமலதா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள், ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்தும் அலசுவதை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாம் சொன்னேன். இறங்கச் சொன்னது, கயிற்றைக் கட்டியது, போட்டோ பார்த்தது, கையெழுத்துப் போட்டது, போர்டு வந்தது. உள்ளேயிருந்து அவர்கள் மகள் தமிழ்மலர் நிலைப்படிவரை வந்து நின்றாள். பத்தாவது படிக்கிறாள். முகம் அப்படியே அவன் முகம்.

ஹேமலதா துணியைப் பிழிந்து பக்கெட்டில் போட்டாள்.

“அன்னிக்கு அவரு கஞ்சி குடிச்சிட்டு வந்தாரு பாய். வெறும் கஞ்சி. உங்க கையால குடிகாரன்னு எழுதிட்டீங்க. இவ ஸ்கூலுக்குப் போறதையே நிறுத்திட்டா, மூணு மாசம்.”

மாஜிஸ்திரேட்டிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன்.

“அந்த மாஜிஸ்திரேட்டு இந்தத் தெருவுலயா இருக்காரு? என்கிட்ட சொல்றது இன்னாத்துக்கு? எனக்குத் தெரியாதா என் புருஷன? வாங்க.”

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். முதலில் பால் சொசைட்டி. அங்கே ஏழெட்டுப் பேர் கேன் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஹேமலதா என்னைக் கையால் காட்டி, சொல்லுங்க என்றாள். என் பெயர் வக்கார், கம்பெனி சூப்பர்வைசர், பாண்டியன் குடித்திருக்கவில்லை, தானாக இறங்கவில்லை, நான்தான் இறக்கினேன், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் போனேன் என்றேன். ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். ஹேமலதா குறுக்கே நின்று, இன்னும் இவரு சொல்ல வேண்டிய இடம் இருக்கு என்றாள்.

அங்கிருந்து மளிகைக்கடை. பிறகு பிள்ளையார் கோயில் பக்கம் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள். பிறகு தமிழ்மலருடன் படிக்கிற பெண்ணின் வீடு. அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் அந்தப் பேச்சைப் பரப்பியவராம். எல்லா இடத்திலும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். மூன்றாவது இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். ஹேமலதா, கேக்கல, சத்தமா சொல்லுங்க என்றாள்.

கடைசியாகப் பாண்டியனின் அப்பா வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பஞ்சாட்சரம் என்று பெயர். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என் புள்ள கூப்ட்டானா?”

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். உள்ளே மூச்சு முட்டியபோது மேலே பார்த்துக் கூப்பிட்டானா, அதைத்தான் கேட்டார்.

“தெரியலீங்க ஐயா. நான் கேக்கற தூரத்துல இல்ல.”

அவர் தலையை ஆட்டினார். அரிவாளை எடுத்து மீதித் தட்டையும் வெட்டினார். நான் அது முடியும்வரை நின்றேன். ஹேமலதா, போதும், போங்க, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலை முடிந்த ஆளை அனுப்புகிற மாதிரி சொன்னாள்.

தமிழ்மலர் மறுநாளிலிருந்து தெருப் பெண்களோடு சேர்ந்து ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிறாளாம். அந்த வழியாகப் போகிற ஒர்க்‌ஷாப் ஆள் பார்த்துச் சொன்னான்.

தொழுது முடித்துக் கையேந்தும்போது பாண்டியன் வீட்டாருக்காக முதலில் கேளுங்கள், ஆபா. அதற்குப் பிறகு என்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றினால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
வக்கார்